சொல்லியிருக்க வேண்டாமா?

தெரிந்து தொட்டாலும் தெரியாமல் தொட்டாலும் நெருப்பு சுடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் நெருப்பை நல்ல ஆசிரியன் என்பேன். தொட்டவுடன் சுடுகிறது, சுட்டவுடன் கையை இழுத்துக்கொள்கிறோம், மறுமுறை தொடுவதில்லை. வேதியியல் கூடத்துக் கந்தக அமிலமும் அப்படித்தான். அம்மோனியாவோ நெருங்குவதற்கு முன்பே மூக்கைத் துளைத்து விரட்டிவிடும். இவற்றிடம் எனக்கு அவ்வளவு அச்சமில்லை. சுடாமல், எரிச்சல் தராமல், தண்ணீரைப் போலத் தெளிந்து நிற்கும் பொருள்தான் எனக்கு அச்சம் தருகிறது.

அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றியும், அதை முன்னிட்டு நான் செய்த பிழை ஒன்றைப் பற்றியும் நம் சங்கத்து நண்பர்களிடம் சில சொல்ல விரும்புகிறேன். வேதியியல் படிக்காத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இது அவர்களுக்கும் உரிய செய்தியே.

அந்தப் பொருளின் பெயர் டைமெதில் பார்மமைடு. வாய்க்கு நீளமாக இருப்பதால் டி.எம்.எப். என்று சுருக்கி அழைக்கிறோம். 1893ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வெர்லி என்ற பிரெஞ்சு வேதியியலறிஞர் இதை முதன்முதலாக ஆக்கினார். எறும்பு கடித்தால் காந்துகிறதே, அந்தப் பார்மிக் அமிலத்தின் வழியில் வந்தது இது. நிறமில்லை. தூயதாயின் மணமும் மிகக் குறைவு. தண்ணீருடன் எந்த அளவிலும் கலந்துவிடும். 153 பாகை செல்சியசில் கொதிக்கும். சுழிக்குக் கீழே 61 பாகைக்குப் போனால்தான் உறையும்.

இது ஒரு கரைப்பான். முனைவு உள்ளது, ஆனால் புரோட்டான் தராதது என்று பாடநூல் வகைப்படுத்தும். அதன் பொருளை எளிதாகச் சொல்லிவிடலாம். சாப்பாட்டு உப்பைப் போன்ற ஒரு பொருளைத் தண்ணீரிலோ மெதில் ஆல்ககாலிலோ கரைத்தால், நேர் அயனி, எதிர் அயனி இரண்டையுமே கரைப்பான் சூழ்ந்துகொள்கிறது. எதிர் அயனியை ஐதரசன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. திருமண வீட்டில் உறவினர் கூட்டத்தின் நடுவே அகப்பட்ட மாப்பிள்ளையைப் போல எதிர் அயனி நகர முடியாமல் நிற்கிறது. டி.எம்.எப். அப்படிச் செய்வதில்லை. நேர் அயனியை மட்டும் தன் ஆக்சிசன் முனையால் பிடித்துக்கொண்டு, எதிர் அயனியை ஏறத்தாழத் தனித்து விட்டுவிடுகிறது. தனித்து நிற்கும் எதிர் அயனிக்கு வேகம் மிகுதி. மெதில் அயோடைடுடன் குளோரைடு அயனி வினைபுரியும் வேகம், மெதில் ஆல்ககாலில் இருப்பதைவிட டி.எம்.எப்.-இல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். ஆஸ்திரேலிய வேதியியலறிஞர் ஏ. ஜே. பார்க்கர் 1960களில் இத்தகைய வேறுபாடுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய வினை, கரைப்பானை மாற்றினால் நிமிடக்கணக்கில் முடிகிறது. இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

கூடத்தோடு இதன் வேலை முடிந்துவிடவில்லை. மெர்ரிபீல்டு 1963இல் அறிவித்து, 1984இல் நோபல் பரிசு பெற்ற திண்ம நிலைப் பெப்டைடு ஆக்க முறை இருக்கிறதே, அதில் இன்றும் மிகுதியாகச் செலவாகும் கரைப்பான்களுள் இது ஒன்று. மருந்துகள் பல இதன் துணையால் உருவாகின்றன. செயற்கைத் தோலுக்குப் பாலியூரித்தேன் பூசுவதற்கும் இது வேண்டும். இந்த ஊருக்கு வந்த முதல் மார்கழியில், நடுங்கிக்கொண்டே நடைபாதைக் கடையில் நாம் எல்லாரும் ஆளுக்கொரு 'கம்பளிச் சட்டை' வாங்கினோம் அல்லவா? அதில் ஆட்டு மயிர் இருந்ததோ இல்லையோ, அக்ரிலிக் நூல் கட்டாயம் இருந்திருக்கும். அந்த நூலை நூற்கப் பயன்படும் கரைப்பான்களுள்ளும் இது ஒன்று. ஆகவே இதைத் தீண்டத்தகாத பொருள் என்று தள்ளிவைக்க நான் வரவில்லை. பயன் மிக்க பொருள்தான். பயன் மிக்கது என்பதால்தான் எங்கள் கூடத்தில் எங்கும் நிறைந்திருக்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் கூடத்தில் கண்ணாடிக் கலங்களைக் கழுவி, குப்பிகளைத் துடைத்து, கழிவுக் கலன்களைச் சுமந்து செல்லும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். அவருடைய பெற்றோர் விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. வீட்டில் தமிழ் பேசுவார். தமிழ் எழுத்து அறியார். இந்தி எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிப்பார். தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து மொழி தெரியாமல் வந்து நின்ற எனக்கு, முதல் நாள் "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்ட குரல் அவருடையது. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பானை தூக்கி வைத்தவரும் அவரே. உங்களில் பலர் அவர் கையால் கரும்பு வாங்கியிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சி வேலை தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு நாள், பீக்கர்களின் மேல் எழுதியிருந்த மார்க்கர் மை போகவில்லை என்று அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மேதாவியைப் போலச் சென்று, பக்கத்திலிருந்த டி.எம்.எப். குப்பியைச் சாய்த்து ஒரு துணியை நனைத்து, "அண்ணே, இதால துடைச்சுப் பாருங்க" என்றேன். மை மாயமாய் மறைந்தது. "அடேயப்பா, என்ன தம்பி இது, மந்திரத் தண்ணியா?" என்று அவர் வியந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் அதையே பயன்படுத்தினார். மை துடைக்க, குப்பிப் பசை நீக்க, மேசைக் கறை போக்க, எல்லாவற்றுக்கும் வெறுங்கையால் அதே துணி. மாதக்கணக்கில் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்கழி வந்தது. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் அடைத்தோம். ஒரு திங்கட்கிழமை அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒரே ஒரு குவளை குடித்தாராம். "ஒரே ஒரு டம்ளர்தான் தம்பி. மூஞ்சி கழுத்தெல்லாம் நெருப்பு வச்ச மாதிரி செவந்து போச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. எல்லாரும் பயந்துட்டாங்க." நாங்கள் சிரித்தோம். "வயசாயிடுச்சு அண்ணே, இனிமே தண்ணி போடாதீங்க" என்று ஒருவர் கேலி செய்தார். அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் கலந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, என் ஆய்வறிக்கைக்காக இந்தப் பொருளின் பாதுகாப்புக் குறிப்பைப் படிக்க நேர்ந்தது. எத்தனையோ மாதம் கையாண்ட பொருளின் குறிப்பை அன்றுதான் முழுமையாகப் படித்தேன் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அதில் இருந்த செய்தியின் சுருக்கம் இது: டி.எம்.எப். மூச்சின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியேயும் உடலுக்குள் செல்லும். கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் இதை மாற்றும்போது உண்டாகும் பொருள்கள், ஆல்ககாலைச் செரிக்க வேண்டிய நொதி ஒன்றைத் தடுத்துவிடும். அதனால் இதற்கு ஆட்பட்டவர் சிறிது மது அருந்தினாலும் அசிட்டால்டிகைடு உடலில் தேங்கி, முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். சில நாள் கழித்துக் குடித்தாலும் இது நேரக்கூடும்.

படித்தபோது என் கை நடுங்கிற்று. நாங்கள் கேலி செய்து சிரித்த கதை அப்படியே அந்தத் தாளில் இருந்தது.

அன்று மாலையே அவரிடம் சென்றேன். என்ன சொல்வது? "அண்ணே, இது ஓர் அமைடு..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். கலைச்சொற்கள் எனக்குத் தெரியும். நம் சங்கத்துப் பட்டிமன்றத்தில் 'அறிவியலைத் தமிழில் கற்பிக்க முடியும்' என்று முழங்கிக் கைத்தட்டல் வாங்கியவன் நான். ஆனால் எதிரே நின்ற ஒரு தமிழரிடம் சொல்ல ஒரு தமிழ் வாக்கியம் என்னிடம் இல்லை. கடைசியில் எப்படியோ சொன்னேன். "அண்ணே, அது தண்ணி மாதிரி இருக்கு, ஆனா தண்ணி இல்ல. கைத்தோல் வழியாவே உள்ள போயிடும். ஈரலைக் கெடுக்கும். கல்யாணத்துல மூஞ்சி செவந்ததுக்கும் அதுதான் காரணமா இருக்கலாம்."

அவர் என் மேல் சினம் கொள்ளவில்லை. தம் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "இத மொத நாளே சொல்லியிருக்க வேணாமா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கல்லீரல் நொதிகளின் அளவு சற்று மிகுந்திருந்தது. இந்தக் கரைப்பான்தான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அதைத் தொடாமலும் குடிக்காமலும் இருந்து, சில வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டாம் சோதனையில் அளவு குறைந்திருந்தது. நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். நல்லூழை நம்பி ஒருவருடைய ஈரலை ஒப்படைக்கலாமா என்பதே என் கேள்வி.

இதைக் கேட்ட சில நண்பர்கள் மூன்று மறுப்புகள் சொன்னார்கள்.

முதல் மறுப்பு: "முப்பது ஆண்டுகளாக இதைக் கையாளும் பேராசிரியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" இருக்கிறார்கள், நீடூழி வாழ்க. ஆனால் அவர்கள் கையாண்டது குடுவையின் கழுத்தை. அடியைக் கழுவிய கை வேறொருவருடையது. அந்தக் கைக்கு முப்பது ஆண்டில் என்ன ஆயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. 153 பாகையில் கொதிக்கும் பொருள் எளிதில் ஆவியாகிப் போய்விடாது. விருந்து முடிந்தும் கிளம்பாத விருந்தாளியைப் போலக் குடுவையின் அடியிலும் துணியிலும் தங்கிவிடும். நாம் வினை முடிந்தது என்று போய்விடுகிறோம். கழுவுபவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டாம் மறுப்பு: "இப்படி அச்சுறுத்தினால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்? தடை செய்துவிடலாமா?" தடை கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம்கூட இதை முற்றாகத் தடுக்கவில்லை. கருவுக்குக் கேடு செய்யக்கூடியது என்று வகைப்படுத்திய பின், 2023ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் இதைப் பயன்படுத்துவோருக்கு வரம்பு வைத்தது: தொழிலாளர் மூச்சுக்குக் கனமீட்டர் காற்றில் 6 மில்லிகிராம், தோலுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.1 மில்லிகிராம். தோலுக்குத் தனியே வரம்பு வைத்ததை எண்ணிப் பாருங்கள். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2018இல் வெளியிட்ட தொகுதியில் இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்கவற்றுள் சேர்த்தது. விலங்குகளில் சான்று போதிய அளவு இருந்தது; மனிதரில் குறைவாகவே இருந்தது. சான்று குறைவு என்பதைத் தீங்கே இல்லை என்று படிப்பது அறிவியல் ஆகாது.

மூன்றாம் மறுப்பு: "எச்சரிக்கை குப்பியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறதே, இனி நம் கடமை என்ன?" ஆம், அச்சிடப்பட்டிருக்கிறது, ஆங்கிலத்தில், கடுகு எழுத்தில். அதைப் படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவருக்கு அது படிக்க முடியாத எழுத்து. அப்படியானால் அந்த எச்சரிக்கை யாருக்காக அச்சிடப்பட்டது? நிருவாகத்துக்குக் கடமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மந்திரத் தண்ணீர் என்று காட்டிக் கொடுத்தது நிருவாகமன்று, நான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கரைப்பானைச் சொல்கிறேன். டைமெதில் சல்பாக்சைடு என்பது டி.எம்.எப்.-இன் பங்காளி. அதே வகை, அதே கூடம். 18.5 பாகையில் உறைந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் ஆண்டு முழுதும் நீர்மமாகவே பார்த்த அதை, இங்கே தை மாதக் காலையில் குப்பிக்குள் பனிக்கட்டியாய்க் கண்டு மலைத்து நின்றேன். அதுவும் தோல் வழியே புகும். தன்னில் கரைந்த பிற பொருள்களையும் கூட்டிக்கொண்டு புகும். ஆனால் புகுந்த சற்று நேரத்தில் வாயில் பூண்டு மணம் தோன்றும் என்பார்கள். வந்துவிட்டேன் என்று அது சொல்லிவிடுகிறது. டி.எம்.எப். அவ்வாறு சொல்வதில்லை. பொருள் சொல்லாதபோது மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று சிறிய வேண்டுகோள்கள் உள்ளன.

ஒன்று, வேதியியல், உயிரியல் மாணவர்களுக்கு: நாம் அழுக்காக்கிய குடுவையை முதல் முறை நாமே அலசிக் கழிவுக் கலனில் ஊற்றிவிட்டுப் பிறகு கழுவக் கொடுப்போம். மை துடைக்க டி.எம்.எப். வேண்டா, கொஞ்சம் எதில் ஆல்ககால் போதும். இந்த வேலைகளை எல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள், நாம் ஹூட் என்கிறோமே அதற்குள் வைத்துக்கொள்வோம். குளிர் என்பதற்காகக் காற்றை அடைக்க வேண்டா.

இரண்டு, கையுறை பற்றியது. நாம் எல்லாரும் அணியும் மெல்லிய நீல நைட்ரைல் உறையை டி.எம்.எப். சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். மேலே தெறித்தால் உடனே கழற்றி எறிய வேண்டியதே தவிர, அதை அணிந்து மணிக்கணக்கில் கழுவக் கூடாது. மணிக்கணக்கில் தாங்குவது பியூட்டைல் இரப்பர் உறை. விலை மிகுதிதான். எங்கள் கூடத்தில் பேராசிரியரிடம் கேட்டேன். மறுக்காமல் இரண்டு இணை வாங்கித் தந்தார். கேட்டதும் கிடைத்தது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பதே உண்மை.

மூன்று, நம் சங்கத்துக்கு. ஆண்டுதோறும் இயல், இசை, நாடகம் என்று விழா எடுக்கிறோம். கலைச்சொல்லைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறோம். வாதிடுவோம், அதுவும் வேண்டும். ஆனால் ஆண்டில் ஒரு மாலை, இந்தப் பல்கலைக்கழகத்தில் கழுவியும் துடைத்தும் சுமந்தும் பிழைக்கும் தமிழர்களை அவர்தம் குடும்பத்தோடு அழைப்போம். அவர்கள் கையால் தொடும் பொருள் எது, அது என்ன செய்யும், பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பேச்சுத் தமிழில் சொல்வோம். இந்தி நன்கறிந்த நண்பர்கள் அதே செய்தியை மற்ற உதவியாளர்களுக்கு இந்தியில் சொல்லட்டும். ஈரலுக்குத் தமிழ் ஈரல், இந்தி ஈரல் என்ற வேறுபாடு இல்லை.

தாய்மொழியில் அறிவியல் வேண்டும் என்று நாம் கேட்பது எதற்காக? பெருமைக்காக என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஒரு பொருளைப் பற்றி நாம் அறிந்ததை, அந்தப் பொருளால் கெடக்கூடியவரிடம் அவருக்கு விளங்கும்படி சொல்ல முடியவில்லை என்றால், நாம் அதை இன்னும் கற்கவில்லை என்றே பொருள். எதிர் அயனியின் வேகத்தை எனக்குக் கணக்கிடத் தெரிந்திருந்தது. "அண்ணே, அதக் கையால தொடாதீங்க" என்று சொல்லத் தெரியவில்லை. எது பெரிய அறிவு?

நண்பர்களே, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாள் காலை கூடத்துக்குப் போவீர்கள். உங்கள் மேசையின் மேல் இருக்கும் குப்பிகளை ஒருமுறை பாருங்கள். அவற்றின் குறிப்பைப் படியுங்கள். பிறகு, அந்தக் குடுவைகளைக் கழுவப் போகிறவரிடம் சென்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள். நான் நான்கு மாதம் பிந்திச் சொன்னேன். நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.